எங்கள் தாலுகா முன்னாள் படைவீரர் சங்கக் கிளைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளைத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கும், உறுப்பினர்களாகிய அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

வீட்டுக்கு ஒருவரைப் பட்டாளத்துக்கு அனுப்பிப் பழகிய வேலூர் மாவட்டத்தில், கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே மக்கள் அழைக்கும் இந்த மண்ணில், உங்கள் கிளையின் அருமையை நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. என் கணவர் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்த பிறகு, மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை அவர் தவறவிட்டதில்லை. எழுபது வயதைக் கடந்த மதராஸ் சாப்பர்கள், அதாவது ராணுவப் பொறியியல் படைவீரர்கள், ஒருவரையொருவர் இன்னமும் ‘தம்பி’ என்று அழைப்பதையும், தமிழில் தொடங்கும் பேச்சு கேலிக்கு வந்தவுடன் இந்திக்கு மாறிவிடுவதையும் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரிப்பார். அவர் மறைந்த அன்று பதக்கங்களை அணிந்து வரிசையாக நின்று நீங்கள் வைத்த சல்யூட், என் பிள்ளைகளின் கண்ணில் இன்றும் நிற்கிறது. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

அதற்கு மறுவாரம் தொடங்கியது என் அலைச்சல். திருமணமான புதிதில், வீட்டில் அழைக்கும் பெயரையே என் பெயராக அவர் யூனிட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். ஓய்வூதிய ஆணையில், அதாவது நீங்கள் எல்லோரும் பிபிஓ என்று சொல்லும் தாளில், அந்தப் பெயரே ஏறியிருந்தது. ஆதாரிலோ பள்ளிச் சான்றிதழில் உள்ள முழுப் பெயர். இரண்டும் ஒருவரே என்று நிறுவுவதற்கு உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் பரிந்துரை, ராணுவ ஆவண அலுவலகத்தின் திருத்தம் என்று பதினோரு மாதங்கள் ஓடின. நம் கிளையின் சுபேதார் அண்ணன் ஒருவர் தம் சொந்தச் செலவில் என்னோடு வந்திராவிட்டால் இன்னும் எத்தனை மாதங்கள் ஆகியிருக்குமோ தெரியாது. பிழை எங்களுடையது, அலுவலகங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் அந்தத் தாளை யாரேனும் பிரித்துப் பார்த்திருந்தால், அவரே கையெழுத்திட்டுத் திருத்தியிருப்பார்.

ஆகவே என் முதல் வேண்டுகோள், கூட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தை இதற்காக ஒதுக்க வேண்டும் என்பதே. பிபிஓ, டிஸ்சார்ஜ் புக், இருவரின் ஆதார் ஆகியவற்றுடன் மனைவியையும் அழைத்து வரச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு ஆகியவை ஒத்திருக்கின்றனவா என்று கணினி தெரிந்த இளைய உறுப்பினர்கள் ஸ்பர்ஷ் என்ற படைவீரர் ஓய்வூதிய இணையதளத்தில் பார்த்துச் சொல்லட்டும். உயிர்வாழ்வுச் சான்றை ஆண்டுதோறும் அளிப்பது எப்படி, இசிஎச்எஸ் என்னும் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டையை எங்கே காட்டிப் பரிந்துரை பெறுவது என்பதையும் மனைவிக்கே நேரில் சொல்லுங்கள், கணவர் வழியாக அல்ல. கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் பாதி என்ற உயர் விகிதக் குடும்ப ஓய்வூதியம், கணவர் மறைந்து ஏழு ஆண்டுகள் முடிந்தாலோ, அவர் இருந்திருந்தால் அவருக்கு 67 வயது நிறைந்திருக்கும் நாள் வந்தாலோ, இவற்றில் எது முந்தியதோ அன்றோடு முடிந்து 30 விழுக்காடாகக் குறையும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பணம் குறைந்த மாதத்தில் ஏதோ தவறு நடந்துவிட்டதென்று வங்கிக்கு ஓடியவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டாவது, ஜனவரி 14 விழாவைப் பற்றியது. ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற அந்த நாள் முன்னாள் படைவீரர் நாளாகக் கொண்டாடப்படுவது பெருமைக்குரியதே. ஆனால் தமிழ்நாட்டில் அது போகியாகவோ பொங்கலாகவோ அமைந்துவிடுகிறது. பானையை அடுப்பில் விட்டுவிட்டு எந்தப் பெண் காலை பத்து மணிக்கு மண்டபத்துக்கு வருவாள்? வந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, வராதவர்களுக்கு ஆர்வமில்லை என்று அறிக்கையில் எழுதுவது நியாயமன்று. கொடியேற்றத்தை அன்றே வைத்துக்கொண்டு, குடும்பங்களுக்கான நிகழ்ச்சியைப் பொங்கலுக்கு அடுத்த வாரத்துக்கு மாற்றுங்கள்.

மூன்றாவதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. சந்தா கட்டும், கணவரை இழந்த எங்களில் ஒருவரும் செயற்குழுவில் இல்லை. கேண்டீன், ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்று பேச உங்களுக்கு நிறைய இருக்கிறது. அவை எங்களுக்கும் உரியவையே. எனினும் புதிதாகக் கணவரை இழந்தவளின் வீட்டுக்குள் சென்று, பீரோவைத் திறந்து, எந்தத் தாள் வேண்டும் என்று பக்கத்தில் அமர்ந்து பார்க்க எங்களில் ஒருத்தியால்தான் முடியும். செயற்குழுவில் எங்களுக்கு இரண்டு இடங்கள் போதும்.

வரும் இரண்டாம் ஞாயிறன்று ஒன்பது மணிக்கே வந்துவிடுகிறேன். எனக்குத் தேவைப்பட்ட தாள்களின் நகல்களை வரிசைப்படி ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன், அதையும் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
கிளையின் சந்தாதாரர்களில் ஒருவரான,
மறைந்த ஹவில்தாரின் மனைவி