கணவாய் அரிந்த கையோடு எழுதுகிறேன்

முட்டம்
ஞாயிறு மதியம்

மக்களே,

புதன்கிழமை நீ போனில் அழுததிலிருந்து மனசு சரியில்லை. போனில் பேசினால் நான் டீச்சர் குரலுக்குப் போய்விடுவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உன்னோடு பிளஸ் டூ படித்தவள் வெளிநாட்டில் முதல் வருஷத்திலேயே நியூரோசயின்ஸ், அதாவது மூளை நரம்பு அறிவியல், என்று பெயர் போட்ட பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டாள். நீ புனே ஐசர் அறிவியல் கல்லூரியில் இரண்டாம் வருஷமும் மின்சுற்று, டிபரன்ஷியல் ஈக்வேஷன் என்று மல்லுக்கட்டுகிறாய். விட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டாய். வராதே. பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை (பணத்துக்காகவும்தான், படகுக் கடன் உனக்குத் தெரியாததா).

நேற்று அப்பா ஊசிக்கணவாய் கொண்டுவந்தார், உன் புத்தகத்தில் ஸ்குவிட் என்று வருமே, அதுதான். தலையைப் பிடுங்கி, உள்ளே இருக்கும் கண்ணாடி ஈர்க்கை உருவி, வழக்கம்போல அலசப் போனவள் நின்றுவிட்டேன். நீ லீவுக்கு வந்தபோது சொன்னாயே, உடம்புக் கூட்டின் உள்சுவரில் நட்சத்திரம் மாதிரி ஒரு நரம்பு முடிச்சு இருக்கும், அதிலிருந்து ராட்சத நரம்புகள் கிளம்பும் என்று. கூட்டை நீளவாக்கில் கீறி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாக, தையல் நூலைவிட மெலிசாக ஏதோ ஓடியது. அதுதானா, வேறு சவ்வா, தெரியவில்லை. அப்பா, “கறி ஆகுமா ஆகாதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அட்லாண்டிக் கடல் கணவாயில் அந்த நரம்பு ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரை இருக்குமாம். ஆபத்து வந்தால் கூடு முழுவதும் ஒரே நொடியில் சுருங்கித் தண்ணீரைப் பீய்ச்சி ஓட வேண்டும்; தடித்த நரம்பில் உள்தடை குறைவு, சேதி வேகமாகப் போகும். இருபது வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு நான் நடத்துகிற பாடம்தானே இது, கம்பி தடித்தால் மின்தடை குறையும் என்று! நம் உடம்பில் அவ்வளவு தடிமனுக்கு இடமில்லை. அதனால் இயற்கை கம்பிக்கு உறை போட்ட மாதிரி மயலின் என்ற கொழுப்பு உறையைப் போட்டு வேகம் கூட்டியிருக்கிறது.

அந்தக் கணவாய் நரம்புக்குள் மின்முனையைச் செருகித்தான் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு இங்கிலாந்து விஞ்ஞானிகள் நரம்புத் துடிப்பை அளந்தார்கள். 1952-இல் அதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள், 1963-இல் நோபல். கேம்பிரிட்ஜ் கம்ப்யூட்டர் அப்போது கிடைக்காததால் ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு மெஷினில் வாரக்கணக்காகச் சுற்றியிருக்கிறார். அவர் தீர்த்தது எது? நீ திட்டுகிற அதே டிபரன்ஷியல் ஈக்வேஷன். அவர்கள் பட்டத்தில் நியூரோசயின்ஸ் என்ற பெயர் கிடையாது. 1960-களில்தான் அந்தச் சொல்லே பரவலாகப் புழங்க ஆரம்பித்தது. அடுத்த வருஷம் உயிரியல் எடுத்துக்கொள்ளலாம், ஐந்தாம் வருஷம் ஆய்வு இருக்கிறது. அதை மூளை பற்றிய லேபில் செய்ய முடியுமா என்று இப்போதே விசாரி.

“டாக்டர் சீட் கிடைக்கலியா?” என்று கோயில் வாசலில் கேட்பவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாட்டா நினைவு இருக்கிறதா? நீ நாலாம் வகுப்பு. வலை தைத்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து ஊசி நழுவியது, வாய் கோணியது. அசதி என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்தோம். மறுநாள்தான் ஆஸ்பத்திரி. அது பக்கவாதம். மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. அறிவியல் டீச்சர்! இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அப்புறம் அவருக்கு உன் பெயர்கூட வரவில்லை. “ஆ... ஆ...” என்பார், கண் நிறையும். ஆனால் சாயங்காலம் ஜெபமாலை தொடங்கினால் “அருள் நிறைந்த மரியே வாழ்க” என்று முழுவதும் தடங்கலில்லாமல் வரும். நீ பாயில் உட்கார்ந்து கேட்டாய்: “அம்மா, பாட்டாவுக்கு மாதாவோட பேச மட்டும் எப்படி வருது?” நான் மாதா அருள் என்று சொல்லிச் சமாளித்தேன். மூளையின் இடது முன்பக்கம் அடிபட்டால் சொந்தமாகப் பேசுவது போய்விடும், மனப்பாடமான ஜெபமும் பாட்டும் பலருக்கு மிஞ்சும் என்று போன வருஷம் நீதான் எனக்குச் சொன்னாய். 1861-இல் புரோக்கா என்ற பிரெஞ்சு டாக்டர் பார்த்த நோயாளிக்கு “டான்” என்ற ஒரு சத்தம்தான் மிஞ்சியது என்றும் சொன்னாய்.

ஊருக்கு வரும்போது பெங்களூர் வழியாக வா. நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது, நிஜ மூளையைக் கையில் தொட்டுப் பார்க்கலாமாம். நானும் அங்கே வந்துவிடுகிறேன், சேர்ந்து பார்ப்போம்.

நெத்திலிக் கருவாடும் தேங்காய் எண்ணெயும் பார்சலில் போட்டிருக்கிறேன். கருவாட்டை ஹாஸ்டல் அறையில் பிரிக்காதே.

அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். தூண்டிலில் மாட்டும்போது கணவாய்க்கு வலிக்குமா? தெரிந்தால் எழுது.

அம்மா