அப்பாயி முகத்தில் நான் தொட்ட இடங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தியாச்சு. இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நீ ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் பேசுவாய், நானும் பாதியில் வேறு எதற்காவது தாவிவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மெதுவாகப் படி.

போன வாரம் அப்பாயி திதியன்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாயே, அதைப் பற்றித்தான். கூடத்தில் மாட்டியிருக்கும் கருப்பு வெள்ளைப் படத்தை ஏதோ ஆப்பில் போட்டு, புடவைக்குப் பச்சை கொடுத்து, தோலை மொழுமொழுவென்று ஆக்கி அனுப்பியிருந்தாய். பாசத்தில் செய்தது என்று எனக்குத் தெரியும். குரூப்பில் அத்தைகள் எல்லாரும் கும்பிடு போட்டார்கள். அப்பா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் சொன்னதும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் ஆப் மாற்றியது கொஞ்சம்தான் பாப்பா. அதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த முகத்தை மாற்றியவள் நான்.

அப்பா ஸ்டூடியோவில் நான் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நீ விவரம் தெரிந்து பார்த்ததெல்லாம் கலர் ரோலும் லேப்பும்தான். அதற்கு முன்னால் எல்லாமே கையால். எனக்கு அப்பா கற்றுக்கொடுத்தது டச்சிங், அதாவது நெகட்டிவிலேயே முகத்தைத் திருத்துவது. வடக்குப் பார்த்த ஜன்னலோரம் சாய்வாக ஒரு மரப்பெட்டி இருக்கும். நடுவில் ஓட்டை, அதில் சொரசொரப்புக் கண்ணாடி, கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டு மேலே வரும். அதன்மேல் நெகட்டிவை வைத்து, குங்கிலியத்தை டர்பன்டைனில் கரைத்து வைத்திருப்பதை ஒரு சொட்டுத் தொட்டுத் துணியால் தேய்க்க வேண்டும். அப்போதுதான் வழவழப்பில் பென்சில் பிடிக்கும். பென்சிலை உப்புத்தாளில் உரசி உரசி ஊசி மாதிரி ஆக்கிக்கொள்வேன். முகத்தில் இருக்கிற பருவும் மச்சமும் குழியும் போட்டோவில் கருப்பாகத்தானே விழும்? நெகட்டிவில் அது தலைகீழ், அந்த இடம் வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்பைப் பென்சிலால் சின்னச் சின்னக் கமா மாதிரி குத்தி அடைக்க வேண்டும். அடைத்த இடத்தில் வெளிச்சம் குறைவாக இறங்கும், பேப்பரில் அது பக்கத்துத் தோலோடு சேர்ந்துவிடும். ஒரு முகத்துக்கு அரை மணி நேரம், சில முகத்துக்கு ஒரு பொழுதே போய்விடும்.

நம் ஊர்ப் பங்குனித் திருவிழாவில், அதுவும் சாமி மேல் வெண்ணெய் வீசுகிற வெண்ணெய்த்தாழி அன்று, கிராமத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கோபாலனைப் பார்த்துவிட்டு நேரே நம் ஸ்டூடியோவுக்கு வந்து, நெற்றியில் வியர்வையோடும் புடவையில் வெண்ணெய்க் கறையோடும் வரிசையில் நிற்பார்கள். அதில் பாதிப் பேருக்கு ஆயுசில் அதுதான் முதல் போட்டோ. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று மூலையில் ஒதுங்கி நிற்கிற பாட்டிகளை அப்பா பேசிப் பேசி நாற்காலியில் உட்கார வைப்பார். அன்று ராத்திரி டார்க் ரூமில் ஐஸ் வாங்கி வைத்துத்தான் பிலிம் கழுவ முடியும். வெயில் காலத்தில் தண்ணீர் சூடேறினால் பிலிமின் மேல்பூச்சு இளகி வழன்றுவிடும். பேப்பர் ஊட்டி ஃபேக்டரியிலிருந்து வரும், இந்து என்று பெயர் போட்டிருக்கும். அந்தக் கவரைப் பிரிக்கும்போது வருகிற வாசனை எனக்கு இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

பெண் பார்க்க அனுப்புகிற போட்டோ வந்தால் அப்பாயி என்னை வேறு வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள், "அவ டச்சிங் பண்றா, தொந்தரவு பண்ணாதீங்க" என்று வாசலிலேயே ஆளை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பெண்களுக்கு மச்சத்தை எடுப்பேன், கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பை எடுப்பேன். நிறத்தை அப்பா பார்த்துக்கொள்வார், பிரிண்ட் போடும்போது வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தால் மாநிறம் சிவப்பாகிவிடும். ஒரு பெண்ணின் அம்மா, மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போட்டோவில் இருப்பது வேறு பெண் என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள் என்று வந்து அழுதார். அந்தப் பெண்ணும் கூட வந்து நின்றுகொண்டிருந்தாள். உதட்டுக்கு மேலே இருந்த மச்சத்தை நான்தான் எடுத்திருந்தேன், இத்தனைக்கும் அந்த மச்சம் அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகும் நான் அந்த வேலையை நிறுத்தவில்லை, கேட்டார்கள், செய்தேன். இதை இப்போது எழுதும்போதும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

செத்தவர்களின் முகத்தையும் தொட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கும்போது ஒரு போட்டோகூட எடுக்காத ஆளை, சுடுகாட்டுக்கு எடுப்பதற்கு முன்னால் நாற்காலியில் சாத்தி உட்கார வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட ஆள் அனுப்புவார்கள். மூடிய கண்ணைப் பிரிண்டில் பிரஷ்ஷால் திறந்து வைக்க வேண்டும், அது என் வேலை. வாக்காளர் அட்டை வந்த பிறகு இது குறைந்துபோனது. 1993-இல் அந்த அட்டை வேண்டும் என்று தேர்தல் கமிஷன் சொன்னது, நம் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்து சேர்ந்தது. அப்புறம் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த அட்டையைத்தான் கொண்டுவந்து பெரிதாக்கக் கேட்பார்கள். தபால்தலை அளவுக்கு ஒரு மங்கல் முகம், அதை வைத்து ஒரு அடிக்குப் படம். பொம்பளைகளுக்கு அதைவிட்டால் வேறு படமே இருக்காது.

சரி, அப்பாயி கதைக்கு வருகிறேன்.

அப்பாயிக்குச் சின்ன வயதில் பெரியம்மை போட்டு முகமெல்லாம் குழி. கன்னத்தில் அதிகம், நெற்றியில் கொஞ்சம். நீ பிறந்த அதே 1980-இல், மே மாசம், உலகத்திலேயே பெரியம்மை இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதனால் அந்த முகங்களை நீ அதிகம் பார்த்திருக்கமாட்டாய். என் கையில் அம்மை குத்தின தழும்பு இருக்கிறது, உனக்கு அதுகூடக் கிடையாது, உன் தோளில் இருப்பது பிசிஜி ஊசி. எங்கள் காலத்தில் தெருவுக்கு நாலு பேராவது அப்படி இருப்பார்கள். யாரும் அதை விசேஷமாகப் பார்க்கமாட்டார்கள். ஆத்தா விளையாடிவிட்டுப் போன முகம் என்று சொல்வார்கள். அதே அம்மையில்தான் அப்பாயியின் தங்கை போய்விட்டாள். ஏழு வயசு. அவளுக்குப் போட்டோ கிடையாது.

1976-இல் அப்பா பெரிய கேமராவில், கருப்புத் துணிக்குள் தலையை விட்டு, அப்பாயியை ஆஃப் பிளேட் கட் பிலிமில், அதாவது தனித்தனித் தாளாக வருகிற பெரிய பிலிமில், எடுத்தார். கல்யாணமாகி வந்து எனக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மாமியாரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை, கையில் தொழிலும் வந்துவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்து ஒரு குழி விடாமல் அடைத்தேன். அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்.

அத்தை, அதான் உன் அப்பாயி, அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். விரலால் படத்தில் இருக்கிற கன்னத்தைத் தடவினார்கள், அப்புறம் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார்கள். "என் தங்கச்சி மாதிரி இருக்கு. அவ இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பா" என்றார்கள். அவ்வளவுதான். பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை தோறும் அதைத் துடைப்பார்கள், தன் படத்தைத் தானே துடைக்கிறார்களே என்று அப்போது நினைத்திருக்கிறேன்.

அவர்கள் போனபிறகு மாலை போட்டதும் அந்தப் படத்துக்குத்தான். நீங்கள் எல்லாம் அப்பாயி என்று கும்பிட்டு வளர்ந்ததும் அந்தப் படத்தைத்தான். அந்த முகம்தான் உன் ஆப்புக்கும் போனது.

திதி முடிந்த மறுநாள் பரண்மேல் இருந்த பிஸ்கட் டின்களை இறக்கச் சொன்னேன். திறந்ததும் காடி வாசனை. பழைய பிலிம் கெட்டால் அப்படித்தான் வாசனை வரும், சிலது சுருங்கி அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தது, சிலதில் பூஞ்சை. அப்பாயி நெகட்டிவ் தனியாக வெண்ணெய்த்தாள் உறையில், அப்பா கையெழுத்தில் "அம்மா" என்று எழுதி, நன்றாகவே இருந்தது. எடுத்ததும் முதலில் அதைப் போனில் வெள்ளைத் திரை போட்டு, அதன்மேல் வைத்து, எதிர்வீட்டுப் பையனை விட்டு இன்னொரு போனால் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், என்ன ஆனாலும் இப்போது இருக்கிறபடி ஒரு நகல் வேண்டும் என்று.

டச்சிங்கில் இரண்டு விதம் உண்டு பாப்பா. கத்தியால் சுரண்டினால் போனது போனதுதான், பிலிமே போய்விடும். பென்சில் அப்படி இல்லை. அது குங்கிலியத்தின் மேலே உட்கார்ந்திருக்கிறது, டர்பன்டைன் தொட்டால் இரண்டும் சேர்ந்து கரைந்துவிடும். அத்தை முகத்தில் நான் கத்தி வைக்கவில்லை. இது ஞாபகம் வந்ததும்தான் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் போனது.

பெயிண்ட் கடையில் ஒரு சின்னப் பாட்டில் வாங்கி வரச் சொல்லி, பஞ்சில் தொட்டு, முதலில் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, அப்புறம் கன்னத்தில் மெதுவாகத் துடைத்தேன். கை நடுங்கியது, அதனால் அப்பா ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பஞ்சு பழுப்பாகி, அப்புறம் சாம்பல் நிறமானது. என் பென்சில் கரி. நாலு தடவை பஞ்சு மாற்றினேன். காயவிட்டு மறுபடியும் அந்தப் பையனைக் கூப்பிட்டுப் படம் எடுத்து, கருப்பை வெள்ளையாகத் திருப்பச் சொன்னோம்.

அத்தை வந்துவிட்டார்கள் பாப்பா. எனக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலையில் அடுப்படியில் நின்றபடி என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே, அதே முகம். குழி ஒவ்வொன்றிலும் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, இரண்டு கன்னமும் அப்படியே. கண்கூட வேறு மாதிரி தெரிந்தது, நான் கண்ணைத் தொடவே இல்லை.

அப்பா போனைக் கையில் வாங்கவில்லை. "மூக்குக்கு மேல, இடது பக்கம், புருவத்தை ஒட்டி ஒண்ணு ஆழமா இருக்கும். சின்னப் பிள்ளையில மடியில படுத்துக்கிட்டு அதுலதான் விரலை வைப்பேன். இருக்கா பாரு" என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். இருந்தது. காட்டினேன்.

அப்புறம் அவர் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கூடத்துப் படத்தை மாற்றப் போவதில்லை. அது அத்தையே மாட்டச் சொன்ன படம், அவர்கள் தங்கச்சிக்கும் சேர்த்துத் துடைத்த படம், அது அங்கேயே இருக்கட்டும். புதுப் படத்தை அப்பா கட்டிலுக்கு எதிரே மாட்டப் போகிறோம். உனக்கும் ஒன்று பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன். பின்பக்கம் மிருதுவான பென்சிலால் பெயரும் வருஷமும் எழுதியிருக்கிறேன். நீ ஏதாவது எழுதுவதாக இருந்தாலும் பென்சிலாலேயே எழுது, பேனா முன்பக்கம் ஊறும். லேமினேஷன் வேண்டாம், ஒட்டுகிற ஆல்பமும் வேண்டாம்.

மீதி நெகட்டிவ்களை என்ன செய்வது என்று அப்பா கேட்கிறார். நம் மாதிரி ஸ்டூடியோக்களில் 1880-லிருந்து 1980 வரை எடுத்த படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் தேடிச் சேர்த்து நகல் எடுத்தார்கள் என்று படித்தேன். நீ அவர்களுக்கு ஒரு மெயில் போட்டுக் கேள். அதில் முக்கால்வாசி முகங்கள் நான் தொட்டவை. டர்பன்டைன் போட்டால் திரும்பும் என்று அதையும் எழுதிவிடு.

குட்டிக்கு நீ செய்த கலர் படத்தை இன்னும் காட்டவில்லை என்றால், இது வருகிற வரைக்கும் பொறு. அவள் முதலில் இதைப் பார்க்கட்டும். முகத்தில் என்ன என்று கேட்பாள். பெரியம்மை என்று சொல்லு, தங்கச்சியைப் பற்றியும் சொல்லு, அப்பா விரல் வைத்த இடத்தையும் காட்டு.

தைலம் தீர்ந்திருக்கும், இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா