பெரியவர்களுக்கும் உரியவை சிறுவர் கதைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுவர் கதைகளைப் பெரியவர்கள் படிப்பதைப் பிள்ளைத்தனம் என்று சொல்வதை என்னால் ஏற்க இயலவில்லை. 1947இல் தொடங்கப்பட்ட ‘அம்புலிமாமா’வின் பழைய இதழ்களை நரை கண்டவர்களும் தேடி வாங்குகிறார்கள். உருவிய வாளுடன் வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த அழகு ஒரு காரணம்தான். ஆயினும் இதை வெறும் பழைய நினைவு என்று ஒதுக்கிவிட முடியாது. கதை முடிவில் வேதாளம் கேட்பது, யாருடைய தியாகம் பெரிது, யாருக்கு உரிமை அதிகம் என்பன போன்ற நியாயச் சிக்கல்களையே. சிறுவயதில் விடையறியும் அவசரத்தில் பக்கத்தைப் புரட்டிய நாம், குடும்பப் பொறுப்புகளைச் சுமந்த பிறகே மன்னனின் தீர்ப்போடு மாறுபடவும் துணிகிறோம். இத்தகைய நூல்களை நூலகங்கள் பொதுப் பிரிவிலும் வைக்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர், மதுரை.