மேட்டுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்

வாஷிங்டன் வட்டாரத்திலிருந்து ஆண்டுதோறும் மேற்கு வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஊருக்குக் குடும்பச் சுற்றுலா கூட்டிப் போகும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன அக்டோபரில் நானும் உங்களோடு வந்தவன்தான். பொட்டோமாக் ஆறும் ஷெனண்டோவா ஆறும் கூடுகிற இடத்தில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஜான் பிரவுன் கோட்டை என்கிற அந்தச் சின்னச் செங்கல் கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்தோம். ஐஸ்கிரீம் தின்றோம், திரும்பினோம். பாறைப் படிகளில் ஏறிய நாலைந்து பேரும் ஜெபர்சன் பாறையோடு நின்றுவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தையும் தாண்டினால் கேம்ப் ஹில் மேடு. ஜனவரியில் தனியாகப் போய் ஏறினேன். அங்கே, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவர் படித்த ஸ்டோரர் கல்லூரி இருந்தது.

நாம் படம் எடுத்த கோட்டையே 1910 முதல் 1968 வரை அந்த மேட்டில்தான் நின்றது. 1859-ல் அடிமை முறையை ஒழிக்கப் புறப்பட்டு ஆயுதக் கிடங்கைத் தாக்கிய பிரவுன், கடைசியில் பதுங்கிய தீயணைப்பு வண்டிக் கொட்டகை அது. 1890-களில் பிரித்துச் சிகாகோவுக்குக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். பத்து நாளில் வந்து பார்த்தவர்கள் 11 பேராம்! பிறகு இந்த ஊர்ப் பக்கமே திரும்பி வந்து ஒரு பண்ணையில் கிடந்ததைக் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்றியது கல்லூரிதான்.

கல்லூரியின் தொடக்கம் எளியது. 1865-ல் ஃப்ரீவில் பாப்டிஸ்ட் சபைப் போதகர் நேதன் பிராக்கெட், உள்நாட்டுப் போரில் சிதைந்த லாக்வுட் ஹவுஸ் என்கிற கட்டடத்தில், விடுதலை பெற்ற கறுப்பினத்தவரில் 19 பேரை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். மெய்ன் மாநிலத்து ஜான் ஸ்டோரர் 10,000 டாலர் தர முன்வந்தார். நிறம் பார்க்கக் கூடாது, ஆண் பெண் என்று பிரிக்கக் கூடாது, சபையும் அதே அளவு பணம் திரட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1867 அக்டோபரில் கதவு திறந்தது. ஏறத்தாழ 25 ஆண்டுகள் மேற்கு வர்ஜீனியாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க வேறு இடமே இல்லை. பின்னாளில் நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவரான அஸிகிவேயும் இங்கே படித்தவர்.

1906 ஆகஸ்டில் கறுப்பின அறிஞர் டூபாய்ஸின் நயாகரா இயக்கம் என்கிற உரிமைப் போராட்ட அமைப்பு இங்கே கூடியது. வந்தவர்கள் பண்ணையில் இருந்த அந்தக் கோட்டைக்குக் காலையில் ஊர்வலமாகப் போனார்கள். கோயில் வாசலில் நாம் செய்வதுபோல, செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டு நடந்தார்கள்.

குழந்தைகளிடம் இதை மட்டும் சொல்லிப் பூசி மெழுகாதீர்கள். 1931-ல் தென்மாநிலப் பழம்பெருமைச் சங்கங்கள் ஊருக்குள் 'விசுவாசமான அடிமை' நினைவுக்கல் ஒன்றை நட்டன. அதில் பெயர் பொறிக்கப்பட்ட, 1859-ல் பிரவுனின் ஆட்கள் சுட்டு இறந்த கறுப்பினத்தவர் ஹேவர்ட் ஷெப்பர்ட் அடிமையே அல்ல, ரயில் நிலையத்தில் வேலை பார்த்த சுதந்திர மனிதர். கல்லூரியின் வெள்ளைக்காரத் தலைவர் மக்டொனால்ட் அதன் திறப்பு விழா மேடையில் ஏறினார். கல்லூரியின் இசை ஆசிரியை பெர்ல் டாட்டன் எழுந்து, தன் தந்தை வடக்குப் படையில் போரிட்டவர் என்று எல்லார் முன்னும் சொன்னார். மறு ஆண்டு டூபாய்ஸ் எழுதிய பதில் கல்வெட்டை வைக்கக் கல்லூரி மறுத்துவிட்டது. அது பழைய வளாகத்தில் ஏறியது 2006-ல்தான்.

1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த கல்லூரிக்கு மாநிலம் தந்த மானியமும் அதோடு நின்றது. இனி தனிக் கல்லூரி எதற்கு என்பது கணக்கு. 1955 ஜூனில் கதவு மூடியது. யார் நிறத்தையும் பார்க்காமல் சேர்க்கச் சொன்ன ஸ்டோரரின் நிபந்தனையை நாடு எட்டிப் பிடித்தபோது, 88 வருடம் அதைச் சொன்ன இடம் இல்லாமல் போனது. எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை.

ஆகவே இந்த அக்டோபர் நிகழ்ச்சி நிரலில் மேட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முட்டி வலிக்கிறவர்களுக்குக் கார் மேலேயே போகும். சாப்பாட்டை இரண்டு மணிக்குத் தள்ளிவைத்தால் போதும். புளியோதரைதானே, கெட்டுப்போகாது.

அன்புடன்,
போன வருடம் ஐஸ்கிரீம் வரிசையில் நின்ற ஒருவன்