நாங்கள் குடிப்பதையே சோதியுங்கள்

சீன மூலிகை வலி மருந்துகளை ஆராயும் மருத்துவ ஆய்வாளர்களுக்கும், அவற்றின் விற்பனைக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளாக எனக்கு முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய். செவ்வாய்தோறும் அதற்கு மருத்துவர் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை. வலி தாங்க முடியாத மாதங்களில் சின்சே, அதாவது சீன வைத்தியர், கட்டிக் கொடுக்கும் மூலிகைப் பொட்டலம். இதை நான் யாரிடமும் மறைப்பதில்லை. மருத்துவர் முகம் சுளிப்பார், சின்சே சிரிப்பார். அவ்வளவுதான்.

பொட்டலத்தைப் பிரித்தால் சீவிய வேர், குறுக்கே நறுக்கிய கொடி, மஞ்சளாக இறுகிப்போன சிறு கிழங்குத் துண்டுகள். மண்சட்டியில் மூன்று கிண்ணம் தண்ணீர் ஊற்றி, ஒரு கிண்ணமாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். எட்டுக்கு ஒன்றாகக் கசாயம் இறக்கிய அம்மாவுக்குப் பிறந்தவள் நான்; காய்ச்சும் பக்குவத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டியில் என்ன கொதிக்கிறது என்பதைத்தான் யாராவது சொல்ல வேண்டும்.

அந்த மஞ்சள் கிழங்கின் பெயர் யென்ஹுசுவோ. அதிலிருந்து டிஹைட்ரோகோரிபல்பைன் என்ற ஒரு பொருளை நீங்கள் தனியே பிரித்தெடுத்தீர்கள். அது எலிகளின் வலியைக் குறைத்தது, மார்பின்போல நாளடைவில் மழுங்கிப்போகவில்லை என்று 2014இல் எழுதினீர்கள். மகிழ்ச்சி. ஆனால் என் கிண்ணத்தில் அந்தப் பொருள் தனியாக வந்து உட்கார்ந்திருக்கவில்லை. சீன மரபில் அந்தக் கிழங்கை வினிகரில் பக்குவப்படுத்துவார்கள். பிறகு நான் கொதிக்க வைக்கிறேன். இத்தனைக்கும் பிறகு அதில் எவ்வளவு நீரில் இறங்குகிறது, எவ்வளவு என் உடம்பில் சேர்கிறது? நான் எலியும் இல்லை.

முறை எவ்வளவு முக்கியம் என்பதைச் சீன ஆய்வாளர் து யூயூவின் கதை சொல்லுமே. மலேரியாவுக்குச் சிங்ஹாவ் செடியைச் சோதித்தபோது முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. நான்காம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்றில், ஒரு பிடிச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்றிருந்தது. காய்ச்சு என்று இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குப் பட்டது. குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு பிரித்தெடுத்தார். 2015இல் நோபல் பரிசு. மக்கள் எப்படிக் குடித்தார்கள் என்று கவனித்ததில் வந்த பலன் அது.

என் நோய்க்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது லெய்குங்தெங், இடித்தெய்வக் கொடி. இதை மனிதர்களிடமே சோதித்தீர்கள், அதற்கு நன்றி. 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 121 பேர்; ஒரு பாதிக்கு இந்தக் கொடியின் வேர்ச்சாரம் நாளுக்கு 180 மில்லிகிராம், மறுபாதிக்கு இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் சல்ஃபசலசின் மாத்திரை. 24 வாரம் தாக்குப்பிடித்தவர்களில் வேர்ச்சாரம் எடுத்தவர்கள் 65 சதவீதமும் மற்றவர்கள் 33 சதவீதமும் ஓரளவு தேறினார்கள். ஆனால் தாக்குப்பிடித்தவர்கள் எத்தனை பேர்? வேர்ச்சாரம் எடுத்தவர்களில் 62 சதவீதம், மற்ற மருந்தில் 41 சதவீதம். விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்பதுதான் நோயாளி முதலில் கேட்கும் கேள்வி. அதைச் செய்திக்குறிப்பின் வாலில் ஒட்டாதீர்கள். பிறகு சீனாவில் 207 பேரிடம் நடந்த ஆய்வில், மெத்தோட்ரெக்ஸேட்டோடு இந்தக் கொடியையும் சேர்த்துக் கொடுத்தபோது 76.8 சதவீதத்தினர் பாதிக்குப் பாதி தேறினார்கள்; மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் எடுத்தவர்களில் 46.4 சதவீதம். தாங்கள் எதைச் சாப்பிடுகிறோம் என்று நோயாளிகளுக்குத் தெரிந்தே நடந்த ஆய்வு அது. இருந்தாலும் என்னைப் போல இரண்டையும் சேர்த்து விழுங்குபவர்களைக் கணக்கில் எடுத்ததே பெரிய விஷயம்.

அதே கொடி மாதவிடாயை நிறுத்தும், ஆணின் விந்தணுக்களைக் குறைக்கும். அதன் வேர்ப்பட்டையை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். இலையும் பூவும் ஆளையே கொல்லும். நீங்கள் ஆய்வில் கொடுத்தது அளந்தெடுத்த சாரம். கடையில் கிடைப்பது யாரோ, எங்கோ பட்டை சீவிய வேர். ஒன்றுக்குக் கிடைத்த நற்சான்றிதழை இன்னொன்றின் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள்.

பெயர் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரம் சாட்சி. ஃபாங்ஜி என்பது மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கும் வேர். 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலிய வந்த பெண்களுக்கு அந்தப் பெயரில் போனது குவாங் ஃபாங்ஜி. பெயரில் ஒட்டு, செடியில் உறவே இல்லை. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தை அழித்தது. சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

செடி மாறுவது ஒரு வகை என்றால், செடியே இல்லாதது இன்னொரு வகை. எங்கள் புளோக்கில் ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் எல்லை தாண்டிப் போய் முட்டிவலிக்குக் கறுப்பு உருண்டைகள் வாங்கி வந்தார். மூன்றாம் நாள் மாடிப்படி ஏறினார். மூன்றாம் மாதம் முகம் பௌர்ணமி நிலாவாக உப்பியது, சர்க்கரை எகிறியது. பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தினார். ஒரு வாரத்தில் மின்தூக்கி வாசலில் சுருண்டு விழுந்தார். உருண்டைக்குள் ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும் என்றார்கள் மருத்துவமனையில். தைவானில் 2,609 சீன மருந்து மாதிரிகளைச் சோதித்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், 23.7 சதவீதத்தில் ஆங்கில மருந்து கலந்திருந்தது. பாராசிட்டமால், இண்டோமெத்தசின் என்ற வலி மாத்திரைகள், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. இவற்றுக்கு வலி குறையாமல் வேறென்ன செய்யும்? "சீன மருந்து கேட்டது" என்று ஊரெல்லாம் சொன்னவர் அந்த அண்ணன்.

அதனால் ஆய்வாளர்களே, எலிக்குப் போகுமுன் ஒருமுறை கடைக்குப் போங்கள். பத்துக் கடைகளில் ஒரே சீட்டைக் கொடுத்து, பத்துப் பொட்டலத்தையும் எங்களைப் போலவே காய்ச்சி, கிண்ணத்தில் இருப்பதை அளந்து பாருங்கள். எந்தச் செடி, எந்தப் பாகம், எப்படிப் பக்குவப்படுத்தியது என்று உங்கள் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் மருந்தில்லாத போலிக் கசாயத்தில் அதே கசப்பையும் வாசனையையும் கொண்டுவருவது கடினம் என்பது எனக்கும் புரிகிறது. அது கடினம் என்பதற்காக, ஒப்பிட எதுவும் இல்லாமல் நாற்பது பேருக்குக் கொடுத்துவிட்டு "பலன் தெரிகிறது" என்று முடிக்காதீர்கள்.

அதிகாரிகளே, எச்சரிக்கை அறிவிப்புகள் விடுகிறீர்கள், படிக்கிறேன். அவை பெரும்பாலும் யாராவது விழுந்த பிறகு வருகின்றன. சாதாரண ஆள் ஒருவர் தன் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்க ஒரு முகப்பு திறந்து வையுங்கள். கட்டணம் வாங்குங்கள், தருகிறோம். கேட்பவரைத் திட்டாமல் இருந்தால் போதும்.

போன மாதம் வாங்கியதில் ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். நூல் கட்டு அப்படியே இருக்கிறது. சின்சேயிடமும் சொல்லிவிட்டேன், "கொண்டுபோய்க் கொடு, எனக்கும் தெரியட்டும்" என்றார். எங்கே கொண்டுவர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மண்சட்டியும் மாத்திரைப் பெட்டியும் வைத்திருக்கும் ஒருத்தி
சிங்கப்பூர்