சோற்றை விலக்குவதா, அளவைத் திருத்துவதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய்க்கு அஞ்சி அரிசி, கேழ்வரகு, கிழங்கு அனைத்தையும் அடியோடு கைவிட வேண்டும் என்ற பேச்சு வீடுகளில் வலுத்து வருவது கவலை அளிக்கிறது. எழுபது வயதைக் கடந்த என் தாயார், சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் விழுங்கியபடியே, யாரோ சொன்னதைக் கேட்டுச் சோற்றை முற்றாக நிறுத்தியதால், இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தார். மூளை பெரும்பாலும் குளுக்கோசைக் கொண்டே இயங்குகிறது, மாவுச்சத்து நஞ்சன்று.

ஆயினும் நம் தட்டில் அது மிகுந்துவிட்டதை மறுப்பதற்கில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2025-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியர் உண்ணும் கலோரிகளில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. தீட்டிய தானியத்துக்குப் பதிலாக முழுக்கோதுமையோ சிறுதானியமோ உண்டாலும், மாவுச்சத்தின் மொத்த அளவு குறையாதவரை நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும், அதில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் அபாயம் குறைவாக இருந்தது என்றும் அவ்வாய்வு கூறுகிறது. சிறுதானியம் என்றால் எவ்வளவும் உண்ணலாம் என நம்பியிருக்கும் என் போன்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம் எனத் தெளிவாக வரையறுத்துள்ளது. நம் வீடுகளிலோ சோறு குவியலாகவும் பொரியல் ஒரு கரண்டியாகவும் இருக்கிறது. இந்த அளவுகளை நம் ஊர்ச் சமையலுக்கு ஏற்ப விளக்கி, தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கும்பகோணம்