நினைவஞ்சலியில் ஒரு வரி சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பத்திரிகையை நான் நினைவஞ்சலிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். அறுபதைத் தாண்டிய எங்களில் பலருக்கும் அதுதான் முதல் பக்கம். அரசியல் செய்தி நாளைக்கும் இருக்கும். யார் போய்விட்டார்கள் என்பதை இன்றைக்கே தெரிந்துகொண்டாக வேண்டும். அப்படிப் படித்துப் படித்து மனத்தில் ஒரு குறை தங்கிவிட்டது. வரும் பங்குனியில் எங்கள் அம்மாவுக்கு முதலாம் ஆண்டுத் திதி. விளம்பரம் கொடுக்கப் படிவத்தைக் கையில் வாங்கியதும் அந்தக் குறையை எழுதியே தீர வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

படிவத்தில் பெயர் கேட்கிறார்கள். தோற்றம், மறைவு கேட்கிறார்கள். மகன், மகள், மருமக்கள், பேரன் பேத்தி, கொள்ளுப் பேரன் வரை கேட்கிறார்கள். போனவர் என்ன வேலை செய்தார், எந்தத் தோட்டத்தில், எந்த ஊரில் இருந்தார் என்று எழுத மட்டும் இடம் இல்லை. பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மருமகன் டத்தோ என்றால் பட்டம் முன்னால் நிற்கும். பேத்தி டாக்டர் என்றால் அதுவும் இருக்கும், இருக்கட்டும், பெருமைதானே. அந்தப் படிப்புக்கு முதல் வெள்ளிப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் காணோம். ‘அன்பின் உருவமே, பாசத்தின் ஊற்றே’ என்று எல்லா வீட்டு அம்மாவும் ஒரே அம்மாவாகிவிடுகிறார்கள்.

எங்கள் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பால்வெட்டுக்காரர். 1938இல் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் கலிடோனியா தோட்டத்தில் பிறந்தவர். கட்டிக்கொடுத்தது பத்து காவானை ஒட்டிய இன்னொரு தோட்டத்தில். பதின்மூன்று வயதில் புல்வெட்டுக்குப் போய், பிறகு உளி பிடித்து, ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைக்கிற வரைக்கும் வெட்டினார். காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு முன்னால் எங்களை ஆயாக் கொட்டகையில் தூக்கக் கலக்கத்தோடு இறக்கிவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போவார்.

பால் வெட்டுவது யாருக்கும் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பட்டைக்குள் பால் நரம்புகள் வலப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து மேலே ஏறுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும். அப்போதுதான் அதிக நரம்பு அறுபடும். பால் அதிகம் இருப்பது பட்டையின் உள்பக்கத்தில். ஆனால் உளி ஒரு மில்லிமீட்டர் கூட இறங்கினாலும் மரத்தைத் தொட்டுவிடலாம். தொட்ட இடம் ஆறும்போது முண்டும் முடிச்சுமாகப் பட்டை வளரும், திரும்ப அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. பயந்துபோய் மேலாக வெட்டினாலோ பால் பிடிக்கிற மங்கு நிறையாது. இதெல்லாம் நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அம்மா படிக்காமலே இருட்டில், விளக்கு விழுகிற வட்டத்துக்குள், நூற்றுக்கணக்கான மரங்களில் தினமும் செய்தார். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் நின்று யோசிக்கவும் நேரம் கிடையாது. ‘காயம் படாத கை’ என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஒரு தடவை நாலு பேர் முன்னால் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அம்மா குரலில் வந்த மிடுக்கை அப்பா முன்னால்கூடக் கேட்டதில்லை. வயதான பிறகும் வெள்ளரிக்காய் சீவினால் தோல் முழுசாக, அறுபடாமல், வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி வரும்.

மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. எங்கள் வீட்டில் மழையை ரசித்த ஆள் கிடையாது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் வந்த பிறகு தோட்டத்துப் பெண்கள் பலர் பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போனோம். பாலம் 1985இல்தான் வந்தது. அதுவரைக்கும் பஸ், பெர்ரி, மறுபடி பஸ். முதல் மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்க்கவில்லை. ‘மழை பேஞ்சா சம்பளம் உண்டாடி?’ என்று கேட்டார். உண்டு என்றேன். அப்புறம்தான் பணத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

அப்பா போன பிறகு அம்மா ஜெலுத்தோங்கில் என்னோடு பிளாட்டில் இருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் பண்டிகைப் பாட்டி. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் எல்லாரையும் தேங்காய் உடைக்க வைப்பார். 2017இல் வழக்கமான வெள்ளித் தேரோடு தங்கத் தேரும் புறப்பட்டபோது வீட்டுக்குள்ளேயே வெள்ளித் தேர்க் கட்சி, தங்கத் தேர்க் கட்சி என்று பிரிந்து வாக்குவாதம். அம்மா இரண்டு தேரையும் கும்பிட்டுவிட்டு, ‘எனக்குக் கால் வலிக்குது, எந்தத் தேருகாரன் மோர் குடுக்கிறான்?’ என்று கேட்டார்.

கடைசிக் காலத்தில் நினைவு தப்பத் தொடங்கியது. என்னைத் தங்கை பெயரால் கூப்பிடுவார். ஆனால் காலை நாலு மணிக்கு மழைச் சத்தம் கேட்டால் எழுந்து சன்னலோரம் போய்ப் பார்த்துவிட்டு, ‘இன்னிக்கு வெட்டு இல்ல, படுங்க புள்ளைங்களா’ என்பார். கோலாலம்பூரிலிருந்து வந்து தங்கியிருந்த அண்ணன் மகன் அதைக் கேட்டுவிட்டு, ‘அத்தை, பாட்டி எதை வெட்டுவாங்க?’ என்றான். அவன் வழக்கறிஞர். சின்ன வயதில் பள்ளி விடுமுறையெல்லாம் பாட்டி மடியில் கழித்தவன். பாட்டியின் நெத்திலிச் சம்பால் தெரியும், கோபம் தெரியும், சுருக்குப் பையில் எத்தனை மடிப்பு என்பதும் தெரியும். அவன் பிறந்தபோது தோட்டமே இல்லை, பாவம், அவன் எதைப் பார்த்துக் கேட்பான்? பத்து காவான் பக்கம் இப்போது போனால் 2014இல் திறந்த இரண்டாவது பாலம் வந்து இறங்குகிறது. ஐகியா இருக்கிறது. நான் வேலை பார்த்தது மாதிரியான மின்னணுத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. நாங்கள் குடியிருந்த லயம் எந்த இடம் என்று காட்ட ஒரு மரம்கூட மிச்சமில்லை.

ஒரு வரிக்கு இவ்வளவு மல்லுக்கட்டா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தாத்தாவைச் சொன்னால் புரியும். ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 1942, 43இல் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். நம் தோட்டங்களிலிருந்து போனவர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அங்கே செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களை யார் எழுதி வைத்தார்கள்? தாத்தா திரும்பவில்லை என்பது தெரியும், எங்கே எந்த மாதம் என்பது தெரியாது. அதனால் அம்மா அவருக்கு மகாளய அமாவாசை அன்றைக்குத்தான் படைப்பார். ‘எங்கப்பா போன நாளு தெரிஞ்சா அன்னிக்கு ஒரு வேளையாச்சும் பட்டினி கிடப்பேன்’ என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லுவார். ஒரு வரி இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதை நான் அம்மாவைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

வீட்டில் மாட்டிய படம் ஒரு வீடு மாறினால் அட்டைப்பெட்டிக்குள் போய்விடுகிறது. பத்திரிகை அப்படி இல்லை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாட்டில் அச்சாகிற வெளியீடுகளின் பிரதிகள் தேசிய நூலகத்தில் சேர வேண்டும். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழே 2019இல் நின்றுபோனது. ஆனால் அதில் அச்சான பெயர்களைப் பழைய இதழ் கிடைக்கிற இடத்தில் இன்றைக்கும் தேடிப் பார்க்கலாம். ஐம்பது வருஷம் கழித்து யாராவது ஒரு பிள்ளை தன் பூட்டியைத் தேடி வந்தால், ‘பாசத்தின் ஊற்றே’ என்கிற வரி அதற்கு எந்த ஊருக்கு வழி காட்டும்?

ஆகவே என் வேண்டுகோள்: விளம்பரப் படிவத்தில் ‘செய்த தொழில்’, ‘வாழ்ந்த தோட்டம் அல்லது ஊர்’ என்று இரண்டு கட்டம் சேருங்கள். அதற்குத் தனிக் கட்டணம் வாங்காதீர்கள். இடம் போதாது என்றால் மேகத்தையும் மல்லிகைச் சரத்தையும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். வீட்டு வேலை மட்டும் செய்தவர்களுக்கும் எழுத இருக்கும். எத்தனை பிள்ளைகள், எத்தனை மாடு, யாருக்கெல்லாம் பிரசவம் பார்த்தார் என்று கேட்டால் பக்கம் போதாது.

எங்கள் விளம்பரத்தில் அம்மா பெயருக்குக் கீழே ‘பால்வெட்டுத் தொழிலாளி, 1951 முதல் தோட்ட வேலை, பிறந்தது கலிடோனியா தோட்டம்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் தந்தை பெயரும் போட்டிருக்கிறேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘சயாம்’ என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அவரோடு சயாமுக்குப் போய்த் திரும்பியவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் கேட்ட பெயரோ, முகாமோ, மாதமோ எது தெரிந்தாலும் உங்கள் பத்திரிகை முகவரிக்கு எழுதிப் போடட்டும். விளம்பரம் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி
ஓய்வுபெற்ற மின்னணுத் தொழிற்சாலை ஊழியர், பாயான் லெப்பாஸ்
ஜெலுத்தோங், பினாங்கு